நீளமான டச்சுச் சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

நெதர்லாந்துக்கு வந்த முதல் மாதத்திலேயே தபால் பெட்டியில் விழும் கடிதங்களில் முப்பது எழுத்து நீளச் சொற்கள் வந்துவிடும். நகராட்சி, வரித்துறை, காப்பீட்டு நிறுவனம் என்று யார் எழுதினாலும் இதே கதைதான். படிக்கத் தெரியாமல் கடிதத்தை ஒதுக்கி வைத்தால் கெடு தாண்டிவிடும். தப்பாக அழுத்திச் சொன்னால், கவுன்டரில் இருப்பவருக்கு அது டச்சு என்றே புரியாது.

முறை இதுதான்: பொருளை வலது கோடியில் தேடுங்கள், அழுத்தத்தை இடது கோடியில் தேடுங்கள். மற்றதெல்லாம் இதைச் செய்யும் வழியும், இது பொய்த்துப் போகும் இடங்களும்.

படிக்கும் முன் மூன்று குறிப்புகள். அசை என்று இங்கே சொல்வது ஓர் உயிரொலிக்கு ஒன்று. யாப்பில் வரும் நேர், நிரை கணக்கு வேண்டாம். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்ற குறி போட்டிருக்கிறோம். அகராதிகளின் உச்சரிப்பு வரியிலும் இதே குறிதான் வரும். டச்சு 'ஜி' எழுத்துக்கும் 'சிஎச்' எழுத்துக்கும் 'ஃக' என்று எழுதியிருக்கிறோம். 'எஃகு' என்று சொல்லும்போது தொண்டையில் உரசுகிறதே, அதை ஒட்டிய ஒலி. தமிழ் எழுத்தில் தருவதெல்லாம் கிட்டத்தட்டதான். ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை காதால் கேட்டுவிடுங்கள்.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு

உங்களுக்கே வந்த கடிதங்கள் ஐந்து, ஒரு பென்சில், கைப்பேசி. பாடப்புத்தகத்தை விடக் கடிதம் மேல், ஏனென்றால் அதில் இருக்கும் சொற்களைத்தான் நாளைக்குத் தொலைபேசியில் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

இணையத்தில் இரண்டு இடங்கள் போதும். டச்சு மொழி ஒன்றியத்தின் அதிகாரபூர்வச் சொற்பட்டியலான 'வூர்டன்லெய்ஸ்ட்' ஒரு சொல்லை வரி முடிவில் எங்கெல்லாம் உடைக்கலாம் என்று காட்டும். 'விக்கிவூர்டன்புக்' பல சொற்களுக்கு அழுத்தக் குறியையும் ஒலிப்பதிவையும் தரும். இரண்டும் இலவசம். ஊர் நூலகத்தில் மொழி உதவி மேசை இருந்தால் அங்கேயும் வாய்விட்டுப் பழகலாம்.

ஒரு பொறி இங்கேயே இருக்கிறது. நீங்கள் தேடும் முழுச் சொல் அகராதியில் இல்லாமல் போகலாம். சொல் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். டச்சுக்காரர்கள் தேவைப்பட்ட இடத்தில் புதுக் கூட்டுச்சொல்லைக் கட்டிக்கொள்வார்கள், எல்லாவற்றையும் எந்த அகராதியும் ஏற்காது. துண்டு துண்டாகத் தேடுங்கள், கிடைக்கும்.

2. முதலில் மூட்டு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

அசை பிரிப்பதற்கு முன் சொல்லின் துண்டுகளைப் பிரிக்க வேண்டும். பலரும் இடமிருந்து வலமாக எழுத்துக் கூட்டிக்கொண்டே போய் நடுவில் தடுக்கி விழுவது இந்த வரிசை மாறுவதால்தான். இரண்டு துண்டுகள் சேரும் இடம்தான் மூட்டு. அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மூட்டைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் மூன்று.

முதலாவது, 'எஸ்' எழுத்து. -இங், -ஹெய்ட், -ஸ்ஃகப், -டெய்ட் என்று முடியும் பெயர்ச்சொற்களுக்குப் பின்னால் ஓர் 'எஸ்' ஒட்டியிருந்தால், அதற்கு அடுத்து மூட்டு இருக்கிறது என்று துணிந்து கோடு போடலாம். 'ஆன்ஸ்ப்ராகெலெக்ஹெய்ட்ஸ்|வெர்ஸேகெரிங்' (பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு) இப்படித்தான் பிரியும். அந்த 'எஸ்' எப்போதும் இடது துண்டின் சொத்து. அதை வலது துண்டின் தலையில் ஏற்றாதீர்கள். ஆனால் 'எஸ்' இல்லாததால் மூட்டு இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. 'பெலஸ்டிங்' (வரி) 'எஸ்' வாங்காத சொல்: பெலஸ்டிங்|ஆன்ஃகிஃப்டெ, வருமான வரிக் கணக்குத் தாக்கல்.

இரண்டாவது, நடுவில் வரும் பெ-, ஃகெ-, வெர்-, ஒன்ட்- என்ற முன்னொட்டுகள். இவற்றுக்கு முன்னால் பெரும்பாலும் மூட்டு இருக்கும்: ஸோர்ஃக்|வெர்ஸேகெரிங் (மருத்துவக் காப்பீடு), வெர்ப்ளெய்ஃப்ஸ்|வெர்ஃகுன்னிங் (நாட்டில் தங்கும் அனுமதி). இங்கே ஒரு பொறி உண்டு. 'ஓவெர்' என்ற சொல்லுக்குள்ளும் 'வெர்' இருக்கிறது, அது முன்னொட்டு அல்ல. 'அர்பெய்ட்ஸ்ஓவெரேன்கொம்ஸ்ட்' (வேலை ஒப்பந்தம்) என்பதில் கோடு 'ஓ'வுக்கு முன்னால்தான் விழ வேண்டும்.

மூன்றாவது, மெய்யெழுத்துக் குவியல். ஒரே டச்சுத் துண்டுக்குள் வர முடியாத மெய்கள் அடுத்தடுத்து நின்றால் நடுவில் மூட்டு. 'அங்ஸ்ட்|ஸ்ஃக்ரேவ்' (பயத்தில் எழும் அலறல்) என்ற சொல்லில் எட்டு மெய்யெழுத்துகள் வரிசையாக நிற்கின்றன, ஆனால் அசை இரண்டே இரண்டு.

கோடு இடம் மாறினால் பொருளும் மாறும். 'கெர்ஸ்|டோமாட்யெஸ்' என்றால் செர்ரித் தக்காளி. அதே எழுத்துகளைக் 'கெர்ஸ்ட்|ஓமாட்யெஸ்' என்று பிரித்தால் கிறிஸ்துமஸ் பாட்டிமார். 'பொம்|மெல்டிங்' வெடிகுண்டு பற்றிய எச்சரிக்கைத் தகவல். அதைப் 'பொம்மெல்|டிங்' என்று படித்தால் ஒன்றுமே இல்லை. 'வேலை கொடுத்தான்', 'வேலைக் கொடுத்தான்' இரண்டுக்கும் நடுவே ஒற்று செய்யும் வேலையை, டச்சில் மூட்டு செய்கிறது.

3. வலது கோடியில் பொருளைப் பிடியுங்கள்

கடைசித் துண்டுதான் தலை. இது என்ன பொருள் என்பதை அதுதான் சொல்லும், முன்னால் இருப்பதெல்லாம் எந்த வகை என்று சொல்லும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் சுட்டு 'டெ' வருமா 'ஹெட்' வருமா என்பதையும் அதுவே தீர்மானிக்கும்: ஹெட் நும்மெர், ஆகவே ஒன்பது இலக்கக் குடிமக்கள் எண்ணான 'புர்ஃகெர்ஸர்விஸ்நும்மெர்' என்பதும் ஹெட். பன்மை விகுதியும் கடைசித் துண்டில்தான் ஏறும்.

பணம் சம்பந்தப்பட்ட கடிதத்தில் முதலில் கடைசித் துண்டைப் பாருங்கள். கீழே வருபவற்றை மனப்பாடமே செய்துவிடலாம்:

- -டூஸ்லஃக்: அரசு தரும் உதவித்தொகை. ஹ்யூர்டூஸ்லஃக் என்றால் வாடகைக்கான உதவி.
- -வெர்ஹோஃகிங்: உயர்வு. ஹ்யூர்வெர்ஹோஃகிங் என்றால் வாடகை ஏறுகிறது.
- -டெருஃக்ஃகாவெ: திரும்ப வரும் பணம்.
- -ஆன்ஸ்லஃக்: வரி மதிப்பீட்டு ஆணை. பெரும்பாலும் நீங்கள் கட்ட வேண்டியது.
- -டெர்மெய்ன்: கெடு. பெஸ்வார்டெர்மெய்ன் என்றால் ஆட்சேபிக்கும் கெடு; அரசு அலுவலக முடிவுகளுக்குப் பொதுவாக 6 வாரம்.

'ஹ்யூர்' என்று தொடங்குவதை மட்டும் பார்த்து உதவித்தொகைக் கடிதம் என்று மடித்து வைத்தால், வாடகை உயர்வுக்கு மறுப்புச் சொல்லும் நாள் கடந்துபோகும். அதனால்தான் வலது கோடி முதலில்.

4. இனி ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அசை பிரியுங்கள்

இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் இருந்தால் அது அடுத்த அசைக்குப் போகும். இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கு ஒன்று. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், டச்சுச் சொல் ஒன்றின் தொடக்கத்தில் வரக்கூடிய அளவுக்கு வலப்பக்கம் தள்ளுங்கள், மிச்சம் இடப்பக்கம்: வென்-ஸ்டெர் (ஜன்னல்).

இந்தக் கணக்கு வெறும் எழுத்துப் பயிற்சி அல்ல. குறிலா நெடிலா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. 'படம்', 'பாடம்' வேறுபாடு நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டச்சில் அதே வேறுபாடு அசை எங்கே முடிகிறது என்பதில் ஒளிந்திருக்கிறது. ஒரே ஒரு 'எம்' போட்ட சொல் போ-மென் (மரங்கள்): அசை உயிரில் முடிகிறது, ஆகவே நெடில். இரண்டு 'எம்' போட்ட சொல் பொம்-மென் (குண்டுகள்): அசை மெய்யில் முடிகிறது, ஆகவே குறில். 'ஓ' எழுத்து இரண்டிலும் ஒன்றேதான்.

தமிழர்கள் எல்லோரும் விழும் பள்ளம் இதற்கு அடுத்து வருகிறது. இரட்டை மெய்யைப் பார்த்ததும் 'பொம்மை'யில் அழுத்துவதுபோல் நிறுத்தி அழுத்திச் சொல்கிறோம். டச்சில் அந்த இரட்டை, குறிலைக் காட்டும் எழுத்து அடையாளம் மட்டுமே. வாயில் ஒரே 'ம்'தான், கடைசி 'ன்'னும் பெரும்பாலோர் பேச்சில் விழுந்துவிடும்: 'பொமெ'. கீழே 'வெர்-ஃகுன்-னிங்' என்று பிரித்துக் காட்டினாலும் சொல்லும்போது ஒரு 'ன'தான்.

இன்னொரு பள்ளம் உகரம். மெய்யில் முடியும் சொல்லுக்கு நாம் அறியாமலே ஓர் 'உ'வைச் சேர்க்கிறோம், குவியலுக்கு நடுவே ஓர் 'இ'யைச் செருகுகிறோம். 'ஹெர்ஃப்ஸ்ட்' (இலையுதிர்காலம்) ஓர் அசை. அதை 'ஹெர்-ஃபிஸ்-டு' என்றால் மூன்று அசை ஆகிவிடும், கேட்பவர் மூட்டு எங்கே என்று வழி தவறிவிடுவார். கடைசி மெய்யோடு சட்டென்று நிறுத்திப் பழகுங்கள். 'மெல்க்' (பால்) என்பதை உள்ளூர்க்காரர்களே 'மெலெக்' என்பார்கள், அது 'ல்', 'ர்' ஒலிகளுக்குப் பின்னால் சில மெய்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை.

5. அழுத்தம்: முதல் துண்டு, முதல் அசை அல்ல

பெயர்ச்சொற்கள் சேர்ந்த கூட்டில் முதல் துண்டு தனியாக நிற்கும்போது எந்த அசையில் அழுத்தம் வாங்குமோ, அதே அசைதான் மொத்தச் சொல்லுக்கும் உச்சி. இதை 'முதல் அசையை அழுத்து' என்று சுருக்கிக் கற்றுக்கொள்பவர்கள் பாதிச் சொற்களில் தவறுகிறார்கள்.

- ˈஸோர்ஃக்-வெர்-ஸே-கெ-ரிங்: முதல் துண்டு ஓரசை, சிக்கல் இல்லை.
- வெர்-ˈப்ளெய்ஃப்ஸ்-வெர்-ஃகுன்-னிங்: 'வெர்' முன்னொட்டு அழுத்தம் வாங்காது, ஆகவே இரண்டாம் அசை.
- ஃகெ-ˈபோர்-டெ-அக்-டெ: பிறப்புச் சான்றிதழ்.
- யூ-னி-வெர்-ஸி-ˈடெய்ட்ஸ்-பி-ப்ளி-ஓ-டேக்: பல்கலைக்கழக நூலகம். -டெய்ட் என்ற விகுதி அழுத்தத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும்.

பெ-, ஃகெ-, வெர்-, ஒன்ட்-, ஹெர்- வினைகளில் அழுத்தம் முன்னொட்டில் நிற்காது. மங்கலாக ஒலிக்கும் 'எ' வரும் அசையிலும் அது நிற்காது. இவற்றை அடித்துவிட்டாலே பல சொற்களில் ஒரே ஓர் இடம்தான் மிஞ்சும்.

தமிழில் அசைகள் எல்லாம் கிட்டத்தட்டச் சம எடையோடு நடக்கும். டச்சில் அப்படிச் சொன்னால் எந்திரம் படிப்பதுபோல் கேட்கும். அழுத்தம் என்றால் கத்துவது அல்ல: குரலைச் சற்று உயர்த்தி, அந்த அசையைக் கொஞ்சம் நீட்டி, மற்றவற்றை விழுங்குங்கள். மேசையில் விரலால் ஒரு தட்டு, அந்த அசைக்கு மட்டும். பின்னால் வரும் துண்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு பாதி அழுத்தம் இருக்கும் (மேலே முதல் சொல்லில் 'ஸே'), அதை விரல் நுனியால் மெல்லத் தொட்டால் போதும்.

6. விதி பொய்க்கும் இடங்கள்

இவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஸ்டட்-ˈஹௌஸ் (நகர மன்றம்), புர்-ஃகெ-ˈமேஸ்-டெர் (மேயர்), பூ-ரென்-ˈகோல் (சுருட்டை இலைக் கீரை), நிவ்-ˈயார் (புத்தாண்டு), ஔ-டெ-யார்ஸ்-ˈஆ-வொன்ட் (டிசம்பர் 31 மாலை). ஊர்ப்பெயர்கள் தனி உலகம்: அம்-ஸ்டெர்-ˈடம், ரொட்-டெர்-ˈடம், அம்-ஸ்டெல்-ˈவேன் மூன்றும் கடைசியில், ˈஎய்ன்ட்-ஹோ-வென், ˈயூ-ட்ரெஃக்ட் முதலில். இலங்கைத் தமிழர்களுக்கு ஒரு சொல் இலவசமாக வரும்: அலுவலகத்துக்கு டச்சில் கன்-ˈடோர். 'கந்தோர்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அந்தக் கடைசி நெடில் ஏற்கெனவே தெரியும்.

-லெக், -எஃக் என்று முடியும் பெயரடைகளில் காரணம் உண்டு. இந்த விகுதிகள் பல சொற்களில் அழுத்தத்தைத் தங்களுக்கு அருகே இழுக்கும். ˈஒன்-ஃகெ-லுக் (விபத்து), ஆனால் ஒன்-ஃகெ-ˈலுக்-கெஃக் (மகிழ்ச்சியற்ற). ˈஆன்-ஸ்ப்ராக் (உரிமை கோரல்), ஆனால் ஆன்-ˈஸ்ப்ரா-கெ-லெக் (பொறுப்பாளியான). இதனால்தான் பொறுப்புக் காப்பீட்டின் முழுப் பெயரில் உச்சி இரண்டாம் அசையில் விழுகிறது: ஆன்-ˈஸ்ப்ரா-கெ-லெக்-ஹெய்ட்ஸ்-வெர்-ஸே-கெ-ரிங்.

வினைச்சொற்களில் அழுத்தம் பொருளையே மாற்றும். ˈவோர்-கோ-மென் என்றால் நிகழ்வது, வோர்-ˈகோ-மென் என்றால் வராமல் தடுப்பது. ˈஒன்-டெர்-ஃகான் சூரியன் மறைவது, ஒன்-டெர்-ˈஃகான் ஒன்றுக்கு உட்படுவது. அழுத்தம் முன்துண்டில் இருந்தால் வாக்கியத்தில் அந்தத் துண்டு பிரிந்து பின்னால் போகும், வேரில் இருந்தால் பிரியாது.

7. மூட்டில் ஒலி மாறும்

நமக்குப் புணர்ச்சி புதிதல்ல. டச்சில் எழுத்து மாறாமல் ஒலி மட்டும் மாறும், அவ்வளவுதான். 'ஒப்' என்பதோடு 'வங்' சேரும்போது 'ஒப்ஃபங்' என்று ஒலிக்கும்: வல்லொலிக்குப் பின்னால் 'வ' அடங்கி 'ஃப' ஆகிறது. குழந்தைக் காப்பக உதவித்தொகையை ˈகின்-டெர்-ஒப்-ஃபங்-டூ-ஸ்லஃக் என்று சொல்லுங்கள். கைக்குட்டையான 'ஸக்டூக்'கில் முதல் 'க்' 'தங்கம்' என்பதில் வரும் 'க' போல மெலிகிறது. 'போஸ்ட்ஸேஃகெல்' (தபால் தலை) பேச்சில் 'ட்' விழுந்து 'போஸேஃகெல்' ஆகும். துண்டுகளுக்கு நடுவே எழுதும் 'என்' எழுத்தும் பலர் வாயில் வராது: 'பன்னென்கூக்' (அப்பம்) என்று எழுதி 'பனெகூக்' என்பார்கள். கேட்டதை வைத்து எழுதினால் தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான்.

'எஸ்'ஸில் தொடங்கும் துண்டு வந்தால் நடுவே இன்னோர் 'எஸ்' ஒளிந்திருக்கிறதா என்று காதால் அறிய முடியாது. வலது துண்டை மாற்றிப் பாருங்கள். 'ஸ்டஸியோன்ஸ்வெஃக்' என்பதில் 'எஸ்' கேட்கிறது, ஆகவே 'ஸ்டஸியோன்ஸ்ஸ்ட்ராட்' (ரயில் நிலையத் தெரு) என்பதிலும் இரண்டு 'எஸ்' எழுத வேண்டும்.

8. எழுதும்போது: இடைவெளியும் வரி முடிவும்

கூட்டுச்சொல்லைச் சேர்த்தே எழுதுங்கள். ஆங்கிலப் பழக்கத்தில் நடுவே இடைவெளி விடுவதுதான் திருத்துபவர் கண்ணில் முதலில் படும் தவறு. பெயரடையும் பெயரும் தனித்தனியாக நிற்கும் சொற்றொடர் வேறு, அங்கே அழுத்தமும் பெயருக்குப் போய்விடும்: எய்-ஃகென் ˈரி-ஸி-கோ. மருத்துவக் காப்பீட்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆண்டுக்கு முதல் 385 யூரோவைத் தம் கையிலிருந்து கட்டும் தொகை இது, இரண்டு சொல்லாகவே எழுதுவார்கள். ஒட்டியிருந்தால் அழுத்தம் இடப்பக்கம், பிரிந்திருந்தால் வலப்பக்கம் என்று காதும் கண்ணும் ஒன்றையொன்று சரிபார்க்கும்.

வரி முடிவில் உடைக்க நேர்ந்தால் மூட்டில் உடைப்பதே மேல். ஒற்றை எழுத்தைத் தனியே விடக் கூடாது: 'ஆ-வொன்ட்' என்று வாயில் இரண்டு அசை, காகிதத்தில் உடைக்க முடியாது. உயிரெழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி வைத்த சொல்லை அந்தப் புள்ளிக்கு முன்னால் உடைத்தால், புள்ளியை எடுத்துவிட வேண்டும். 'ஓமாட்யெ' (பாட்டி என்பதன் செல்லப் பெயர்) இரண்டு 'ஏ' எழுத்தோடு வரும், 'ட்யெ'வுக்கு முன்னால் உடைத்தால் ஓர் 'ஏ' போய்விடும்.

9. ஒரு சொல்லை முழுதாகச் செய்து பாருங்கள்

சொந்தத் தொழில் செய்பவர்கள் சந்திக்கும் சொல் இது. வேலை செய்ய முடியாமல் போனால் கைகொடுக்கும் காப்பீடு, 33 எழுத்து, 10 அசை.

கோடு போடுங்கள்: அர்பெய்ட்ஸ்|ஒன்ஃகெஸ்ஃகிக்ட்ஹெய்ட்ஸ்|வெர்ஸேகெரிங். வலது கோடி: காப்பீடு, 'டெ' வகை. நடுத்துண்டு: தகுதியின்மை. இடது துண்டு: வேலை. அசை: அர்-பெய்ட்ஸ், ஒன்-ஃகெ-ஸ்ஃகிக்ட்-ஹெய்ட்ஸ், வெர்-ஸே-கெ-ரிங். உச்சி: 'அர்பெய்ட்' தனியாக நிற்கும்போது முதல் அசையில் அழுத்தம் வாங்கும், ஆகவே ˈஅர். பாதி அழுத்தம் 'ஒன்'னிலும் 'ஸே'யிலும்.

இப்போது வலமிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் 'வெர்ஸேகெரிங்' மட்டும் ஐந்து முறை. பிறகு நடுத்துண்டைச் சேர்த்து ஐந்து முறை. கடைசியில் முழுச் சொல், ˈஅர் மேல் ஒரு தட்டு. இடமிருந்து கட்டினால் கடைசித் துண்டுக்கு வரும்போது மூச்சு தீர்ந்துவிடும். வலமிருந்து கட்டினால் போகப்போக நன்றாகப் பழகிய இடத்தில் வந்து முடிகிறீர்கள்.

ஒரு நாளுக்கு மூன்று சொல், பதினைந்து நிமிடம். முதல் வாரம் மூட்டும் பொருளும் மட்டும், வாய் திறக்க வேண்டாம். இரண்டாம் வாரம் அசை பிரித்து மெதுவாக. மூன்றாம் வாரத்திலிருந்து அழுத்தக் குறியைப் பார்க்காமல் நீங்களே போட்டு, பிறகு அகராதியோடு ஒப்பிடுங்கள். தவறிய சொல்லைக் கடிதத்தின் ஓரத்திலேயே ˈ குறியோடு எழுதி வையுங்கள், தொலைபேசியில் பேசும்போது அந்தக் கடிதம்தான் கையில் இருக்கும். அப்போதும் எதிர்முனைக்குப் புரியவில்லை என்றால் முழுச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம். கடைசித் துண்டை மட்டும் சொல்லுங்கள், சற்று நிறுத்தி முதல் துண்டைச் சொல்லுங்கள்: 'வெர்-ˈஸே-கெ-ரிங்... ˈஸோர்ஃக்.' நடுவில் இருப்பதை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.